பாசிக்குடா மணலும் புதையல் கருவியும்



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் முதலில் கேட்பது கடற்கரையைத்தான். கிழக்கிலே சிறுவர்கள் முழங்கால் நீரில் நின்று விளையாடக்கூடிய கடல் எது என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் பாசிக்குடா என்பார்கள்.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீற்றர். ஏறாவூர், செங்கலடி, கிரான் எல்லாம் கடந்து வாழைச்சேனைக்கு வந்து, கடல் பக்கமாகத் திரும்ப வேண்டும். கொழும்பிலிருந்து வருபவர்கள் பொலன்னறுவை, வெலிக்கந்தை, புணானை வழியாக ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டி வருவார்கள். ரயிலில் வருவோருக்குக் கல்குடா நிலையம் இருக்கிறது. பிறை போல வளைந்த குடா. அலை ஓய்ந்த தெளிந்த நீர். நூற்றுக்கணக்கான மீற்றர் உள்ளே நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத இடங்கள் உண்டு. பாசி படர்ந்த குடா என்பதால் பாசிக்குடா என்று பெயர் வந்தது என்பார்கள்.

இந்த மணல் அமைதியாகத் தெரிந்தாலும் அது கண்டது கொஞ்சமல்ல. உலகப் போரைக் கண்டது. உள்நாட்டுப் போரைக் கண்டது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கரையை அடித்துத் துடைத்துக்கொண்டு போனது. 2009ல் போர் முடிந்த பிறகு வரிசையாக ஹோட்டல்கள் எழுந்தன. ஒவ்வொரு காலமும் தன் பங்குக்கு ஏதோ ஒரு இரும்பையோ, செம்பையோ, வெள்ளியையோ இங்கே விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது.

இப்படிப்பட்ட கடற்கரைகளில் வெளிநாடுகளில் ஒரு காட்சி சகஜம். காதில் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு, நீண்ட கைப்பிடியின் நுனியில் வட்டத் தட்டு பொருத்திய ஒரு யந்திரத்தை மணலுக்கு மேலே இடமும் வலமும் ஆட்டியபடி ஒருவர் நடப்பார். அதுதான் மெட்டல் டிடெக்டர். நம் நாட்டில் மக்கள் அதற்கு வைத்துவிட்ட பெயர் ‘ஸ்கேனர்’. “புதையல் தோண்டியவர்கள் கைது, ஸ்கேனர் யந்திரமும் பிடிபட்டது” என்ற செய்தியை நீங்களும் பல தடவை வாசித்திருப்பீர்கள்.

‘இது ஆண்கள் விவகாரம், நமக்கென்ன?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். புதையல் ஆசை யாருக்கு வந்தாலும், அதற்காக அடகுக் கடைக்குப் போவது பெரும்பாலும் நம் காப்பும் மாலையும்தான். அதனால் இந்தக் கருவி என்ன செய்யும், என்ன செய்யாது, அதை எப்படிச் சோதிப்பது என்பதை வீட்டுப் பெண்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கருவி எப்படிக் கத்துகிறது?

விஷயம் எளிதானது. அந்த வட்டத் தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. பெட்டரி மின்சாரம் அதில் மாறி மாறிப் பாயும்போது சுற்றிலும் ஒரு காந்தப் புலம் உண்டாகிறது. அதற்குள் ஓர் உலோகம் அகப்பட்டால் அந்த உலோகத்திலும் சிறிய மின்னோட்டம் கிளம்பி, தன் பங்குக்கு ஒரு காந்தப் புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதைப் பிடித்துத்தான் கருவி ‘பீப்’ என்று கத்துகிறது.

கவனியுங்கள். ‘இங்கே உலோகம் இருக்கிறது’ என்பதுதான் அந்தச் சத்தத்தின் பொருள். அது தங்கமா, யாருடையது, எத்தனை வருடப் பழையது என்பதையெல்லாம் கருவி சொல்வதில்லை. விலை கூடிய கருவிகள் திரையில் ஓர் இலக்கத்தைக் காட்டி, இன்ன உலோகமாக இருக்கலாம் என்று ஊகிக்கும். ஆனால் மெல்லிய தங்க மோதிரமும், குளிர்பான டின்னை உடைக்கும் அலுமினிய வளையமும் பல சமயங்களில் ஏறக்குறைய ஒரே இலக்கத்தைத்தான் காட்டும்!

இந்தக் கருவியின் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1881 யூலையில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டார். குண்டு உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று வைத்தியர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியால் புகழ்பெற்ற கிரஹம் பெல், உலோகத்தைக் கண்டுபிடிக்கும் ஒரு கருவியை அவசரமாகச் செய்து எடுத்துக்கொண்டு போனார். முன்கூட்டி நடந்த சோதனைகளில் கருவி நன்றாகத்தான் வேலை செய்தது. ஜனாதிபதியின் படுக்கையிலோ எங்கு வைத்தாலும் குழப்பமான சத்தம். பிறகுதான் தெரிந்தது, அவர் படுத்திருந்த மெத்தைக்குள் உருக்குக் கம்பிகள் இருந்தன. குண்டு கிடைக்கவில்லை. செப்டம்பரில் அவர் இறந்துபோனார். கருவி சரியாக இருந்தாலும், சோதிக்கும் இடம் சரியாக இல்லையென்றால் பயனில்லை.

பாசிக்குடாவில் சோதித்தால்?

புதிதாக வாங்கிய ஒரு கருவியைப் பாசிக்குடா போன்ற ஒரு கரையில் சோதிப்பதாகக் கற்பனை செய்து பாருங்கள். கற்பனை என்றுதான் சொல்கிறேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்வேன்.

முதல் வேலை, சோதிப்பவர் தன் கையில் கிடக்கும் உலோகத்தைக் கழற்றுவது. காப்பு, மோதிரம், கைக்கடிகாரம், சட்டைப் பையில் உள்ள தொலைபேசி எல்லாமே தட்டுக்குக் கிட்டப் போனால் கருவியை ஏமாற்றும். அடுத்து, அலை எட்டாத காய்ந்த மணலில் வெறுமையான ஓர் இடத்தைத் தேர்ந்து, அங்கே முன்பே ஏதும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு ஒரு நாணயத்தை நாலு விரற்கடை ஆழத்தில் புதைத்துப் பார்க்கலாம். பிறகு அரைச் சாண். பிறகு ஒரு சாண். நல்ல கருவிகூட ஒற்றை நாணயத்தை ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் ஆழத்தில்தான் காணும். பெரிய இரும்புப் பொருளென்றால் இன்னும் ஆழத்தில் தெரியும். ‘பத்து அடிக்குக் கீழே உள்ள மோதிரத்தைக் காட்டும்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

அதே நாணயத்தை அலை நனைக்கும் ஈர மணலில் புதைத்தால் கதை மாறிவிடும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் ஒன்றுமே இல்லாத இடத்திலும் கருவி முணுமுணுக்கும். மணலிலே கறுப்பு இரும்புத் தாது கலந்திருந்தாலும் இதே தொல்லைதான். திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையில் இல்மனைற் கலந்த கறுப்பு மணலைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கடற்கரைக்கென்று பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் இயங்கும் கருவிகளும், துடிப்பு முறையில் இயங்கும் கருவிகளும் தனியாகச் செய்யப்படுவது இதனால்தான்.

சரி, கருவி கத்தியது. தோண்டினால் என்ன வரும்? உலகத்துக் கடற்கரைகளில் இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபடுபவர்களின் பையைப் பார்த்தால் தெரியும். சோடாப் போத்தல் மூடி, சிகரட் பெட்டியின் ஈயத்தாள், ஆணி, தூண்டில் முள், வலையில் கட்டும் ஈயக் குண்டு, துருப்பிடித்த தகரம். நூறு சத்தத்துக்கு ஒன்றிரண்டு நாணயம் வந்தால் அது நல்ல நாள். தங்கம் வருவது அபூர்வத்திலும் அபூர்வம்.

கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது?

அப்படியானால் பழைய பொருட்களே இல்லையா என்றால், இருக்கின்றன. ஆனால் அவை நாம் நினைக்கும் புதையல் அல்ல.

1942 ஏப்ரல் 9. ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் பிரித்தானியாவின் ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலைத் தாக்கி மூழ்கடித்தன. அந்தக் கப்பலில் மட்டும் 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த அவுஸ்திரேலியக் கப்பல் ‘வம்பயர்’ அதே நாளில் மூழ்கியது. ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்ற எண்ணெய்க் கப்பலும் அன்றுதான் மூழ்கியது. பாசிக்குடாவிலிருந்து சுழியோடப் போகிறவர்கள் இன்று பார்க்கும் கப்பல்களில் அதுவும் ஒன்று. ஹேர்மிஸ் இன்னும் ஆழத்தில், ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அங்கே உள்ள ஒவ்வொரு இரும்புத் துண்டும் யாரோ ஒரு தாயின் மகனுடைய கப்ருக்கு அடையாளம். அதிலிருந்து ஒரு திருகாணியைக் கழற்றி எடுத்துவந்து அலுமாரியில் வைக்க நம் மனம் ஒப்புமா?

அதற்கும் முன்னே பாருங்கள். 1602ல் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பல் தலைவர் மட்டக்களப்பில் வந்து இறங்கினார். 1628ல் போர்த்துக்கேயர் அங்கே கோட்டை கட்டினார்கள். 1638ல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். ஒல்லாந்தக் கம்பனியின் முத்திரை பொறித்த சிறிய செப்புக் காசுகள் இலங்கையில் நிறையவே கிடைத்திருக்கின்றன. அந்தக் காசின் பெயரிலிருந்துதான் நாம் பேசும் ‘துட்டு’ என்ற சொல்லே வந்தது என்பார்கள். அந்தக் காசைக் கடையில் கொடுத்தால் ஒரு தேநீர்கூடக் கிடைக்காது. ஆனால் அது கிடந்த இடம், கூடக் கிடந்த ஓடு, கரி, எலும்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வாளருக்கு அது ஒரு பக்கம் எழுதிய கடிதம். தோண்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் கடிதத்தைக் கிழித்துவிட்டு முத்திரையை மட்டும் வைத்துக்கொண்ட கதைதான்.

நம் நாட்டுக் கடலில் உண்மையாகவே புதையல் கிடைத்தது ஒரு தடவை உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தது. 1961ல், தெற்கே கிரிந்தைக்கு அப்பால் கடலில் உள்ள கிரேட் பாஸஸ் என்ற பாறைத்திட்டில், மைக் வில்சன் என்பவரும் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களும் நீருக்கடியில் படம் பிடிக்கப் போனார்கள். அவர்கள் கண்ணில் பட்டவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்த வெள்ளி நாணயங்கள். துணிப் பை அழுகிப்போன பின்னும் பையின் வடிவம் மாறவில்லை. நாணயங்களில் இருந்தது நம் கண்ணுக்குப் பழகிய எழுத்து! மொகலாயப் பேரரசர் அவுரங்கசீபின் பெயர், சூரத் நகர அச்சகம், ஹிஜ்ரி 1113 என்ற ஆண்டு. அதாவது கி.பி. 1702. வில்சனின் நண்பரும் இலங்கையில் குடியேறியவருமான எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இதைப் பற்றி 1964ல் ஒரு புத்தகமே எழுதினார். அந்த ஹிஜ்ரி ஆண்டு மட்டும் அழிந்திருந்தால், அல்லது யாராவது ஒரு தட்டான் கையில் கொடுத்து உருக்கியிருந்தால், நமக்கு மிஞ்சியிருப்பது சில கிலோ வெள்ளி மட்டும்தான்.

தோண்டக்கூடாத சத்தம்

இனி, கற்பனை என்று சொன்னதற்கான முதல் காரணத்துக்கு வருகிறேன். கிழக்கிலும் வடக்கிலும் ‘பீப்’ என்ற சத்தம் பல வருடங்களாக மரணத்தின் சத்தமாக இருந்தது.

போர்க்காலத்தில் புதைக்கப்பட்ட மிதிவெடிகளை அகற்றுவதற்கும் இதே கருவிதான். அந்த வேலைக்கு இந்தக் கருவி வந்ததும் ஒரு கதை. இரண்டாம் உலகப் போரில், 1941ல், யோசெப் கொசாட்ஸ்கி என்ற போலந்து அதிகாரி கையில் தூக்கிச் செல்லக்கூடிய கண்ணிவெடி காணும் கருவியை உருவாக்கினார். 1942ல் எகிப்தின் எல் அலமைன் போர்க்களத்தில் அது பயன்பட்டது. இன்று உலகமெங்கும் வயல்களை மீட்டுத் தருவது அதன் வாரிசுகள்தான்.

இலங்கையில் வெடியகற்றும் குழுக்களில் பெண்கள் ஏராளம். அவர்களில் பலர் போரில் கணவனை இழந்தவர்கள், குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்கள். அவர்கள் கருவியைச் சோதிக்கும் முறையைக் கேட்டால் நாம் வெட்கப்பட வேண்டும். தங்கம் தேடுபவன் ஒரு நாள் சோதித்துவிட்டு வருடக்கணக்கில் நம்புகிறான். அவர்களோ ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன், அளவு தெரிந்த ஓர் உலோகத் துண்டை வைத்துக் கருவி சரியாகக் கத்துகிறதா என்று பார்த்த பிறகுதான் காலெடுத்து வைப்பார்கள். ஓய்வுக்குப் பின் திரும்பினால் மீண்டும் சோதனை. இங்கே புதைக்கப்பட்ட பி4 போன்ற வெடிகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனவை. உள்ளே இருக்கும் உலோகம் மிகச் சொற்பம். அதைக் கருவி தவறவிட்டால் போவது ஒரு கால், அல்லது ஓர் உயிர்.

கருவி கத்தினாலும் அவர்கள் மண்வெட்டியை ஓங்க மாட்டார்கள். இடத்தைக் குறித்து, தள்ளி உட்கார்ந்து, பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சிறுகச் சிறுக விலக்குவார்கள். நூறு சத்தத்தில் பெரும்பாலானவை ஆணியும் தகரமுமாகத்தான் இருக்கும். ஆனாலும் நூறையும் வெடி என்று எண்ணித்தான் அணுக வேண்டும்.

உலகத்து நாடுகளுக்கென்று 2003ல் வெளியான ஒரு ஐரோப்பிய வழிகாட்டி, வெடியகற்றும் கருவிகளை எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எந்த முறையில் சோதிக்க வேண்டும் என்று விரிவாக வகுத்துச் சொல்கிறது. கருவியை விற்பவர் சொல்லை நம்பாதே, உன் மண்ணில் வைத்துப் பார் என்பதே அதன் சாரம்.

இந்த உழைப்பின் பலனாக 2017ல் மட்டக்களப்பு மாவட்டம் மிதிவெடி அற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதே வருடம் டிசம்பரில் இலங்கை, மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. பாசிக்குடா மணலில் நம் பிள்ளைகள் இன்று ஓடுகிறார்கள் என்றால், அதற்கு இத்தகைய சோதனைகள் பின்னால் இருக்கின்றன. எனினும் கடல் எங்கிருந்து எதை ஒதுக்கும் என்று சொல்ல முடியாது. துருப்பிடித்த குண்டு போன்ற ஏதாவது தெரிந்தால் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு பொலிசுக்குச் சொல்லுங்கள்.

கத்தாமலே காசு பறிக்கும் கருவி

இன்னொரு வகைக் கருவி இருக்கிறது. கைப்பிடியில் சுழலும் ஒரு நீண்ட கம்பி. “ஒரு மைல் தூரத்தில் தங்கம் இருந்தாலும் கம்பி தானாகத் திரும்பும்” என்பார்கள். லட்சக்கணக்கில் விலை சொல்வார்கள். வலம்புரிச் சங்கு, கஜமுத்து என்று வீடு வீடாக ஏமாற்றும் கூட்டத்தின் புதிய சரக்கு இது.

இதன் பெரியண்ணன் ஈராக்கில் என்ன செய்தான் தெரியுமா? ஜேம்ஸ் மக்கோமிக் என்ற ஆங்கிலேயர் ‘ஏ.டி.ஈ. 651’ என்ற பெயரில் வெடிகுண்டு காணும் கருவி என்று ஒன்றை விற்றார். ஒவ்வொன்றும் பல ஆயிரம் டொலர். உள்ளே எந்த யந்திரமும் இல்லை! கோல்ஃப் பந்து தேடுவதற்கென்று மலிவாக விற்கப்பட்ட ஒரு விளையாட்டுச் சாமானைப் பார்த்துச் செய்தது. பக்தாதின் சோதனைச் சாவடிகளில் இதை நம்பி வாகனங்களை அனுப்பினார்கள். வெடிகள் தப்பிச் சென்று வெடித்தன. அப்பாவி மக்கள் மாண்டார்கள். 2013ல் பிரித்தானிய நீதிமன்றம் அவருக்குப் பத்து வருடச் சிறை விதித்தது.

படித்த அதிகாரிகளே ஏமாந்தது எப்படி? கம்பி உண்மையிலேயே திரும்பும். பிடித்திருப்பவர் எங்கே இருக்கும் என்று நினைக்கிறாரோ அந்தப் பக்கம் அவருக்கே தெரியாமல் மணிக்கட்டு சற்றுச் சாயும். கம்பி அந்தப் பக்கம் போகும். பிடித்தவர் பொய் சொல்லவில்லை. அவர் கையே அவரை ஏமாற்றுகிறது.

ஐந்து சிரட்டைச் சோதனை

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுகூடம் வேண்டாம். உங்கள் வீட்டு முற்றம் போதும். ஐந்து தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முழ இடைவெளி விட்டு வையுங்கள். கொங்கிறீற் தரையில் வேண்டாம். உள்ளே கம்பி இருக்கும். கார்ஃபீல்டின் மெத்தை ஞாபகம் இருக்கிறதல்லவா?

கருவிக்காரரை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, ஒருவர் மட்டும் ஒரு தங்க மோதிரத்தை ஏதாவது ஒரு சிரட்டைக்குக் கீழே வைக்க வேண்டும். வைத்தவர் அங்கே நிற்கக்கூடாது. அவர் கண்ணும் முகமும் காட்டிக்கொடுத்துவிடும். எங்கே இருக்கிறது என்று தெரியாத இன்னொருவர் கருவிக்காரரை அழைத்துவந்து பார்க்கச் சொல்ல வேண்டும். சொன்னதைத் தாளில் எழுதி, பிறகு திறந்து பாருங்கள். இப்படிப் பத்துத் தடவை செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே சராசரியாக இரண்டு தடவை சரியாக வரும். உண்மையான மெட்டல் டிடெக்டர் பத்துக்குப் பத்தும் சொல்லும். இரண்டு, மூன்று மட்டும் சரியாக வந்தால் அது கருவி அல்ல, கம்பி!

“தங்கம் மண்ணுக்குள் பல காலம் கிடந்தால்தான் என் கருவிக்குப் பிடிக்கும்”, “பலர் பார்த்தால் வேலை செய்யாது”, “ஏதாவது அறுத்துப் பலி கொடுத்தால்தான் காவல் பூதம் விடும்” என்று அவர் நழுவப் பார்த்தால், அதுவும் ஒரு பதில்தான். வீட்டு வாசலைக் காட்டிவிடுங்கள்.

கிடைத்தால் யாருக்குச் சொந்தம்?

இப்போது இரண்டாவது காரணம். இலங்கையில் 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். உங்கள் சொந்த வளவாக இருந்தாலும் சரிதான். தற்செயலாகக் கண்டெடுத்தால் அறிவிக்க வேண்டும். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அவற்றைத் தேடித் தோண்டுவது குற்றம். 1998ல் சட்டம் திருத்தப்பட்டு மேலும் கடுமையாக்கப்பட்டது. சிறைக்கும் இடமுண்டு. மத்திய கிழக்கிலிருந்து வரும் மகனோ தம்பியோ விளையாட்டாக ஒரு டிடெக்டரை வாங்கிவர நினைத்தால், முதலில் சுங்கத்திலும் பாதுகாப்பு அமைச்சிலும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

பிரித்தானியாவில் வேறு ஏற்பாடு. 1996ல் புதையல் சட்டம் கொண்டுவந்து, அறிவிப்பவருக்கு வெகுமதி தருகிறார்கள். 2009ல் ஸ்டஃபோட்ஷயரில் ஒரு வயலில் டிடெக்டரால் கண்டெடுக்கப்பட்ட பழைய தங்கத்துக்கு 32 லட்சம் பவுண்களுக்கும் மேல் மதிப்பிட்டு, கண்டவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கிட்டார்கள். சுவீடனின் கொட்லண்ட் தீவில், 1999ல் ஸ்பில்லிங்ஸ் என்ற பண்ணையில் 67 கிலோ வெள்ளி கிடைத்தது. அதில் 14,000க்கும் மேற்பட்ட நாணயங்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை முஸ்லிம் நாடுகளில் அச்சடித்த திர்ஹம்கள்! ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகக் கழுவி வாசித்தபோது, ‘மூஸா அல்லாஹ்வின் தூதர்’ என்று பொறித்த ஒரு நாணயம் அகப்பட்டது. யூத மதத்தைத் தழுவிய கசார் மக்கள் ஒன்பதாம் நூற்றாண்டில் அச்சடித்தது அது. எடைக்கு விற்றிருந்தால் அந்த ஒரு வரியை உலகம் வாசித்திருக்குமா?

பழைய பொருளை விடுங்கள். நேற்று வந்த யாரோ ஒருத்தி தொலைத்த மோதிரம் பாசிக்குடா மணலில் உங்கள் பிள்ளையின் கையில் அகப்பட்டால்? மார்க்கம் இதற்குத் தெளிவாக வழி சொல்லியிருக்கிறது. கண்டெடுத்த பொருளின் அடையாளங்களை நன்றாகக் கவனித்து வைத்துக்கொண்டு, ஓராண்டு அறிவிக்க வேண்டும். உரியவர் அடையாளம் சொல்லி வந்தால் கொடுத்துவிட வேண்டும். ‘கண்டவருக்கே சொந்தம்’ என்பது கடற்கரைப் பேச்சு, சட்டமல்ல. கரையோர ஹோட்டலிலும் பொலிசிலும் சொல்லிவிட்டு வருவது இன்றைய நாளில் அறிவிப்பதற்கு எளிய வழி.

சகோதரிகளே! பழம்பொருளில் உண்மையான ஆசை உள்ளவர்களுக்கு மண்ணைத் தோண்டத் தேவையில்லை. பாசிக்குடா போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ காத்தான்குடிக்குச் சென்று அங்குள்ள பூர்வீக நூதனசாலையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நம் முன்னோர் வாழ்ந்த வாழ்வு அங்கே கண்முன் நிற்கும். வீட்டுக்கு வந்ததும் மூத்தம்மாவின் வெற்றிலை வட்டாவையும், படிக்கத்தையும், பழைய செப்புக் கிடாரத்தையும் இரும்புக் கடைக்காரனுக்கு நிறுத்துக் கொடுக்குமுன் ஒரு நிமிடம் நில்லுங்கள். இது யார் வாங்கியது, யார் கல்யாணத்துக்கு வந்தது, எந்த ஊரில் செய்தது என்று மூத்தம்மா உயிரோடு இருக்கும்போதே கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தக் கதையை எந்தக் கருவியாலும் கண்டெடுக்க முடியாது. அது அவரிடம் மட்டும்தான் இருக்கிறது.